லனமகனத

செம்பூரில் அந்த ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம்பழம் கிடைக்கவில்லை. ஸ்டேஷன் வாசல் காய்கறிக்காரர் பத்து மணிக்கே கையை விரித்துவிட்டார். “ஸப் கம்ப்யூட்டர்வாலே லே கயே” என்றார். கம்ப்யூட்டர்க்காரர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். பச்சை மிளகாயும் காலி.

கல்யாண மண்டப வாசலில் வரிசை தெருமுனை திரும்பி நின்றது. சொட்டு மருந்துக்குக் குழந்தையைத் தூக்கி வந்தவர்கள்போல ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சிபியு. லேப்டாப்பைப் பட்டுத்துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார் ஒருவர். விக்ரோலியிலிருந்து பிரிண்டரைச் சுமந்து வந்தவரோடு வாசலிலேயே தகராறு.

“பிரிண்டருக்குத் தனி முகாம் சார். அதுக்கு அதிபதி கேது. இன்னிக்கு ராகு மட்டும்தான்” என்று ஒரு தொண்டர் அவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

தலைக்கு மேலே பேனர். ‘கணினி தோஷ நிவாரண மகா முகாம். வைரஸ், ஹேங், கண் திருஷ்டி, பாஸ்வேர்டு மறதி, பித்ரு சாபம் அனைத்துக்கும் ஒரே இடத்தில் தீர்வு. அருள்பவர்: சிஸ்டம் சுவாமிகள்.’ படத்தில் சுவாமிகள் சிரித்தார். கழுத்தில் ருத்ராட்ச மாலை. டாலர் தொங்க வேண்டிய இடத்தில் பென்டிரைவ்.

பிரேமலதா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் எதுவும் இல்லை. அவளுடைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே மேடைமேல் இருந்தது. சிவப்புத் துணி மூட்டையாக, இன்னும் பதினான்கு மூட்டைகளோடு, ஒரு பெரிய தாம்பாளத்தில். முகாம் முடிந்ததும் எல்லாம் கடலுக்குப் போகும். அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

அவளுக்கு வலப்பக்கம் மாட்டுங்காவில் எதிர் ஃபிளாட் அகிலாண்டம் மாமி, கண்ணை மூடி ஏதோ ஜபித்தபடி. இடப்பக்கம் தாராவியிலிருந்து வந்த பரீஹா, கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்தபடி.

சுவாமிகளின் பூர்வாசிரமப் பெயர் வானமாமலை. பூர்வாசிரமத் தொழில் பிரிண்டருக்கு மை நிரப்புவது. அந்த மையிலிருந்து இந்த மைக்கு வந்தவர். அவருடைய வைத்திய முறை எளிமையானது. வீட்டுக்கு வருவார். மெஷினைப் பார்த்து முகம் சுளிப்பார். “ஏகாந்தம் வேண்டும்” என்பார். அறைக்கதவு சாத்தப்படும். ஐந்து நிமிடம் மணிச் சத்தம், சாம்பிராணி. கதவு திறந்தால் கம்ப்யூட்டர் ஓடும்.

உள்ளே என்ன செய்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால், அதற்கு முன் அதே அறையில் தாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்குமே.

அணுசக்தி நகரிலிருந்து ரிடயரான கோமதிநாயகம் சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு வருஷம் அணுவோடு பழகிய மனிதர். ஒருநாள் அவர் வீட்டு ஸ்க்ரீனில் எழுத்தெல்லாம் தலைகீழாகிவிட்டது. அவர் என்ன செய்தார்? மானிட்டரைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டு பக்கமும் தடித் தடியாக டிக்‌ஷனரியை முட்டுக்கொடுத்து ஒரு வாரம் ஓட்டினார். மருமகள் சிரித்துவிடுவாளோ என்ற பயத்தில் சுவாமியைக் கூப்பிட்டார். “ராகு தலைகீழ் கிரகம்” என்றார் சுவாமி. சாருக்கு எவ்வளவு நிம்மதி! தான் எதையோ அமுக்கினோம் என்பதைவிட, ஆகாயத்தில் ஒரு கிரகம் மெனக்கெட்டு இறங்கி வந்து அமுக்கியது என்பது எவ்வளவு கௌரவம்! அன்றுமுதல் மேடையில் சுவாமிக்கு வலப்பக்க நாற்காலி அவருக்குத்தான். விஞ்ஞானியே உட்கார்ந்திருக்கிறார், அப்புறம் என்ன?

பிரேமலதாவின் விஷயம் வேறு. அவள் கம்ப்யூட்டரில் பேசியது அவளுடைய புருஷன்.

பஞ்சாபகேசன் போய் ஒன்றரை வருஷமாகிறது. வீட்டில் அதிகம் பேசாதவர். “ம்”, “சரி”, “மோர்” என்ற மூன்று சொற்களில் ஒரு நாளை முடித்துவிடுவார். ஆனால் ரிடயரான பிறகு தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்டு புகார்க் கடிதம் எழுத ஆரம்பித்தார். ரயில்வேக்கு, முனிசிபாலிட்டிக்கு, பால் பூத்துக்கு, பக்கத்து பில்டிங் புறாக்களுக்கு அரிசி போடுகிறவருக்கு. ‘ஐயா, தங்கள் பாலில் பால் குறைவாக உள்ளது’ என்று தொடங்கும் கடிதம் அவற்றில் ஒன்று. ‘குறைகள்’ என்ற பெயரில் சேர்த்து வைத்திருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்.

அவர் போய் ஒரு வருஷம் வரை அவள் அதைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் தினம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு கடிதம் படிப்பாள். ஒன்றே ஒன்று. இரண்டு படித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவளிடம் பேசாததையெல்லாம் அந்த மனிதர் பால் பூத்திடம் பேசியிருந்தார். அதில் அவளுக்குப் பொறாமைகூட உண்டு.

ஆயுத பூஜையன்று கீபோர்டைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். நான்கு மூலையிலும் வைத்தாள். மெஷினை அணைக்காமலே வைத்தாள். சாயங்காலம் பெங்களூரில் இருக்கும் மகன் அனுப்பிய மெயிலைத் தேடுவதற்காக அவன் பெயரை அடித்தாள். நிகில். இங்கிலீஷில், ஒவ்வொரு எழுத்தாக, கீபோர்டைக் குனிந்து பார்த்து. நிமிர்ந்தால் ஸ்க்ரீனில் தமிழ்.

லனமகனத.

அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். லனமகனத. மூன்றாம் முறையும் அதேதான்.

நிகிலுக்குப் போன் போட்டாள். “நான் உன் பேரை அடிச்சா அது தமிழ்ல என்னமோ சொல்றதுடா.”

“அரே அம்மா, ரீஸ்டார்ட் பண்ணு. பஸ், அவ்வளவுதான்.”

“என்ன சொல்றதுன்னு பாரேன். போட்டோ அனுப்பறேன்.”

“அனுப்பி என்ன யூஸ்? எனக்குத் தமிழ் எல்லாம் ஜிலேபி ஜிலேபியாத்தான் தெரியும். ரீஸ்டார்ட் மா, ரீஸ்டார்ட்.”

அவள் ரீஸ்டார்ட் செய்யவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. அணைத்துப் போட்டால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. எது போய்விடும் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அதைக் கேட்காமல் இருப்பதற்குத்தான் அகிலாண்டம் மாமியைக் கூப்பிட்டாள்.

மாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டினாள். “ல... ன... ம... க... ன... அடி பிரேமா! நடுவுல பாருடி! மகன்! மகன்னு இருக்குடி!”

பிரேமலதாவும் அதைப் பார்த்திருந்தாள். முதல் முறையே பார்த்திருந்தாள்.

மறுநாள் சுவாமி வந்தார். ஸ்க்ரீன் முன்னால் கண்ணை மூடி நின்றார். “இலன் மகனது” என்றார். “இலன் என்றால் இல்லாதவன். இங்கே இல்லாத நான், மகனது முகம் காண ஏங்குகிறேன்.”

“சுவாமி, முதல்ல ‘இ’ இல்லையே?” என்றாள் பிரேமலதா.

“ஆவிக்கு உயிரெழுத்து வராதம்மா. உயிர் இல்லையே.”

இந்த இலக்கணத்தில் அகிலாண்டம் மாமி அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆத்மா ஹார்ட் டிஸ்கில் சிக்கித் தவிக்கிறது, இருபத்தொரு நாள் பூஜை, பிறகு முகாம், பிறகு சமுத்திரம் என்றார் சுவாமி.

“அதுல அவர் எழுதின லெட்டரெல்லாம் இருக்கு சுவாமி. வேற எங்கயும் இல்லை.”

“உனக்கு லெட்டர் வேண்டுமா, அவருக்கு மோட்சம் வேண்டுமா?”

இப்படிக் கேட்டால் எந்தப் பெண்டாட்டி லெட்டர் வேண்டும் என்பாள்? கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். அன்று மத்தியானம் சாப்பிட்டு வந்து, பழக்கத்தில், காலிப் பெட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இதற்குப் பதினெட்டு நாள் கழித்துத்தான் பரீஹா கதைக்குள் வருகிறாள். தாராவியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ்ஸில் தமிழ் டைப் அடிப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது மணமக்களை ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் சேர்த்துவைப்பவள். மாட்டுங்கா மாதர் சங்கத்து மலரும் அங்கேதான் அச்சாகிறது. பிழை திருத்தப் போகிறவள் சங்கத்துச் செயலாளரான பிரேமலதா. திருத்திக்கொண்டிருந்தவள் கம்ப்யூட்டர் பேசியதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. சொல்லிவிட்டாள். எழுத்துக்களையும் சொன்னாள்.

“திருப்பிச் சொல்லுங்க மாமி.”

“ல. ன. ம. க. ன. த.”

பரீஹா மேஜைமேல் விரலை வைத்திருந்தாள். அங்கே கீபோர்டு இல்லை. ஆனாலும் விரல்கள் தாமாக ஆறு இடத்தில் தட்டின. தட்டியவள் நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். முகம் மாறியது.

“உங்க மவன் பேரு நிகில்தான?”

“ஆமாம்.”

“மாமி, தமிழ் கீபோர்டுல ல இருக்க இடத்துலதான் இங்கிலீஷ் என் இருக்கு. ன இருக்க இடத்துல ஐ. ம-வுக்குக் கே, க-வுக்கு எச், ன-வுக்கு மறுபடி ஐ, த-வுக்கு எல். நீங்க நிகில்னு அடிச்சிய. அது நிகில்னுதான் வந்துருக்கு. மெஷின் தமிழுக்கு மாறிக் கிடந்துருக்கு, அம்புட்டுதான். ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேத்து அமுக்குனா மாறிக்கிடும்.”

ஆல்ட்டும் ஷிஃப்டும் கீபோர்டின் இடது மூலையில், ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல இருப்பவை. சந்தனத்துக்கு ஒரு விரல், குங்குமத்துக்கு ஒரு விரல். பிரேமலதாவுக்கு உடனே புரிந்தது. உடனே கோபமும் வந்தது. சுவாமிமேல் அல்ல. பரீஹாமேல். ஒன்றரை வருஷம் கழித்துப் பேசிய மனிதரை இந்தப் பெண் ஆறு தட்டில் மறுபடி சாகடித்துவிட்டாள்.

“உனக்கு என்ன தெரியும்?” என்றாள். “எல்லாத்துக்கும் ஒரு பொத்தானா?”

பரீஹா மேஜைமேலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள். “டிஸ்க் எங்க மாமி இருக்கு?”

அந்தக் கேள்விதான் பிரேமலதாவை எழுப்பியது. பேசியது அவரில்லை, சரி. ஆனால் எழுதியது அவர்தானே?

பரீஹாவின் பெரியம்மா மகன் இஜாஸ் குர்லாவில் பழைய கம்ப்யூட்டர் சாமான் வாங்கி விற்பவன். போனிலேயே சொன்னான். “மஞ்சக் குங்குமம் ஒட்டின டிஸ்க்கா? ஒரு சாமி கொண்டாருவாருல்லா. சுத்தி எல்லாக் கடைக்கும் தெரியும். முகாம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி மொத்தமாக் கொண்டுவருவாரு. அடுத்த நாளே அழிச்சு வித்துருவாவ. நான் வாங்குததில்ல. குங்குமம் போவ மாட்டேங்கு.”

முகாம் ஞாயிற்றுக்கிழமை. கடிதங்களுக்கு இருந்த ஆயுசு ஞாயிறு ராத்திரிவரை.

பிரேமலதா சுவாமியின் ஆசிரமத்துக்குப் போன் செய்து டிஸ்கைத் திருப்பிக் கேட்டாள். பாதிப் பூஜையில் எடுத்தால் வீட்டில் இன்னொரு உயிர் போகும் என்றார்கள். இதைக் கேட்டு அகிலாண்டம் மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். “வேண்டாம்டி. நிகிலுக்கு ஒண்ணு ஆயிடுத்துன்னா?”

“தனியாப் போய்க் கேட்டா ஏதாவது பழைய டிஸ்கைக் குடுத்து அனுப்பிருவாரு” என்றாள் பரீஹா. “கூட்டத்துல கேளுங்க மாமி.”

கூட்டத்தில் கேட்பது என்றால் கூட்டத்தில் சொல்ல வேண்டும். மாதர் சங்கத்துச் செயலாளர், தப்பு கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவள் என்று பெயரெடுத்தவள், கீபோர்டுக்குப் பொட்டு வைக்கப் போய்ப் புருஷனை ஆவியாக்கியதை. இரண்டு நாள் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இப்போது மேடைக்கு வருவோம்.

சங்கு ஊதினார்கள். சுவாமிகள் எழுந்தருளினார். பின்னால் சுவர் முழுக்க வெள்ளைத் திரை. அதன் எதிரே ஒரு மேஜை, மேஜைமேல் கம்ப்யூட்டர், சுற்றிலும் வாழைமரம். அன்றைய விசேஷம் நாமாட்சரம். பக்தர் மனத்தில் உள்ள பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் இங்கிலீஷில் அடிக்க வேண்டியது. முன்னோர் திரையில் தமிழில் பதில் சொல்வார்கள். சுவாமி பொருள் சொல்வார். பிரேமலதா வீட்டில் அவள் செய்த பிசகு, இருபத்தொரு நாளில், சங்கு முழங்க மேடையேறியிருந்தது.

முதலில் ஒரு பெண் போனாள். சாதனா என்று பெயர் கூப்பிட்டார்கள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தயங்கித் தயங்கி அடித்தாள். திரையில் எழுத்து வந்தது.

அண்ண.

மண்டபம் “ஆ” என்றது.

“உனக்கு அண்ணன் உண்டா?” என்றார் சுவாமி.

“இல்லை சுவாமி. நான் ஒரே பொண்ணு.”

“உன் தகப்பனாருக்கு?”

“அப்பாவுக்கு ஒரு அண்ணா இருந்தார்...”

“அவர்தான்!”

சாதனா அழுதுகொண்டே இறங்கினாள். பெரியப்பாவை அவள் பார்த்ததேயில்லை. ஆனாலும் அழுதாள். ஒரு கூட்டமே நம்பும்போது தான் மட்டும் கண்ணைத் துடைக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமா?

“இந்த அற்புதம் முதன்முதலில் நிகழ்ந்தது மாட்டுங்காவில்” என்றார் சுவாமி மைக்கில். “அந்தப் புண்ணியவதி இங்கே இருக்கிறார். மேடைக்கு வாருங்கள் அம்மா. மகன் பெயரை அடியுங்கள்.”

கைதட்டினார்கள். அகிலாண்டம் மாமி பெருமையோடு அவளை எழுப்பிவிட்டாள். பிரேமலதா படியேறினாள். மேஜைமுன் உட்கார்ந்தாள். சுவாமி கூட்டத்தைப் பார்த்துப் பத்மாசனத்தில் இருந்தார். கீபோர்டு அவர் கண்ணுக்குப் படாது. அவள் ஒரு நிமிடம் விரலைப் பார்த்தாள். பிறகு அடித்தாள். மகன் பெயரை அடிக்கவில்லை.

திரையில் ம வந்தது. மற ஆனது. மறை ஆனது. கடைசியில் நின்றது:

மறைத.

சுவாமி திரும்பிப் பார்த்தார். போன தடவை வேறு மாதிரி இருந்ததே என்று ஒரு கணம் யோசித்திருப்பார். ஆனால் இத்தனை நல்ல சொல் கையில் கிடைத்தால் யார் விடுவார்?

“மறை! மறை என்றால் வேதம். வேதமே இறங்கி வந்துவிட்டது!” குரல் உயர்ந்தது. “இன்னொரு பொருளும் உண்டு. மறைத்தது! மறைத்து வைத்ததைக் கொடு என்கிறார் உங்கள் கணவர். அம்மா, குடும்பத்தில் எதையாவது மறைத்து வைத்திருக்கிறீர்களா? நகை, நிலப் பத்திரம் ஏதாவது?”

“நான் மறைக்கலை சுவாமி” என்றாள் பிரேமலதா. மைக் அவள் குரலைப் பெரிதாக்கியதில் அவளே திடுக்கிட்டாள். “நான் அடிச்சது ஒரு ஊர்ப் பேரு. பரீஹா, இங்க வாம்மா.”

பரீஹா மேஜைக்கு வரவில்லை. நடைபாதையிலேயே நின்றுகொண்டாள். “நான் கீபோர்டைப் பாக்கல. எல்லாரும் பாத்துக்கிடுங்க. திரைய மட்டும் வாசிக்கேன். ம-வுக்குக் கே. ற-வுக்கு யூ. ஐ-க்கு ஆர். த-வுக்கு எல். அதுக்கப்புறம் ஏ அடிச்சிருப்பிய மாமி, அது த-வோட ஒட்டிக்கிடும், திரையில தெரியாது. கே, யூ, ஆர், எல், ஏ. குர்லா.”

“குர்லாதான்” என்றாள் பிரேமலதா.

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுவாமியின் முகத்தில் குர்லா என்ற சொல் வேதத்தைவிட அதிகமாக வேலை செய்தது.

“இது விதண்டாவாதம்!” என்றார்.

“சரி, இன்னொண்ணு சொல்லுதேன்” என்று பரீஹா திரும்பினாள். “சாதனா அக்கா, நீங்க என்ன அடிச்சியன்னு யார்ட்டயாச்சும் சொன்னியளா?”

“இல்லையே. சொல்லக் கூடாதுன்னாளே.”

“அண்ணன்னு வந்துச்சுல்லா. அ-வுக்கு ஏ. ண ரெண்டு தடவ, பி, பி. கடைசியில ஒரு ஏ. அப்பான்னு அடிச்சிய.”

சாதனா வாயைப் பொத்திக்கொண்டாள். “ஹாங்! அப்பான்னுதான் அடிச்சேன்!”

“அப்பாவக் கூப்பிட்டா பெரியப்பா வாராவ! என்ன மெஷினோ!” என்றது ஒரு தாராவிக் குரல். மண்டபம் வெடித்துச் சிரித்தது.

சுவாமி எழுந்து நின்றார். அவர் சாமானியர் இல்லை. சிரிப்பை எங்கே குத்தினால் அடங்கும் என்று தெரிந்தவர். “அப்படியானால்” என்றார், ஒவ்வொரு சொல்லாக, “மாட்டுங்கா வீட்டில் மகன் என்று எழுதியது யார்? அங்கே நானா இருந்தேன்? பொத்தானை மாற்றியது யார்? சொல்லுங்கள் அம்மா.”

“நீயே பாத்தேன்னியேடி பிரேமா” என்று கீழேயிருந்து அகிலாண்டம் மாமி பரிதாபமாகக் கேட்டாள்.

மண்டபம் அவள் பக்கம் திரும்பியது. இருநூறு முகங்கள். அவற்றில் முப்பது மாதர் சங்கம். இந்த இடத்தில் ‘தெரியலை’ என்று சொல்லிவிட்டால் போதும். மானம் பிழைக்கும். கடிதங்கள் குர்லாவுக்குப் போகும். பிரேமலதா தாம்பாளத்தைப் பார்த்தாள். ‘ஐயா, தங்கள் பாலில் பால் குறைவாக உள்ளது.’

“நான்தான்” என்றாள். “ஆயுத பூஜைக்குக் கீபோர்டுக்குச் சந்தனம் குங்குமம் வச்சேன். மெஷினை அணைக்காமயே வச்சேன். ரெண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கிட்டேன். தமிழுக்கு மாறிடுத்து. பேயும் இல்லை, ராகுவும் இல்லை. என் விரல். ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லி என் பிள்ளை ரெண்டு தடவை சொன்னான். பண்ணலை. எனக்கு அது அவராவே இருக்கட்டும்னு இருந்தது.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

கோமதிநாயகம் சார் வலப்பக்க நாற்காலியில் நெளிந்தார். “அப்போ... தலைகீழா போறது?” என்றார் மெதுவாக.

பரீஹா மேடையேறி, குனிந்து, மூன்று பொத்தானைச் சேர்த்து அமுக்கினாள். சுவர் முழுக்க இருந்த திரை தலைகீழானது. மறுபடி அமுக்கினாள். நேரானது.

“அவ்வளவுதானா?”

“அம்புட்டுதான் சார்.”

“நான் மானிட்டரையே திருப்பி வச்சேனே!” சார் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரிசையில் அவர் மருமகளும் சிரித்தாள். மருமகள் சிரித்தால் உயிர் போய்விடாது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அப்புறம் அணை உடைந்தது. “எங்காத்துல எஸ் எஸ் எஸ்னு தானா அடிச்சிண்டே இருந்ததே. நைவேத்தியத் தட்டைக் கீபோர்டு மேலதான் வச்சிருந்தேன்” என்றாள் ஒரு மாமி. மானிட்டர் ஸ்விட்சைப் போடவே இல்லை என்றார் ஒருவர். மௌஸைத் தலைகீழாகப் பிடித்து மேலே போனால் கீழே போகிறது என்று பரிகாரம் செய்தவர் ஒருவர். கேப்ஸ் லாக்கால் பாஸ்வேர்டு விழாமல் திருநாகேஸ்வரம் வரை போய்வந்த தம்பதி ஒன்று. ஒவ்வொரு பிசகுக்கும் ஒரு சிரிப்பு. சிரிப்பில் ஒவ்வொரு தோஷமாக உதிர்ந்தது.

“கதவைச் சாத்திண்டு உள்ள என்னதான் பண்ணினேள்?” என்று கோமதிநாயகம் சுவாமியைக் கேட்டார்.

“அணைச்சுப் போட்டிருப்பாவ” என்றாள் பரீஹா.

பிரேமலதா தாம்பாளத்தருகே போனாள். “நீங்களே சொன்னேளே சுவாமி. மறைத்து வைத்ததைக் கொடுன்னு. கொடுங்கோ.”

“தொடாதே! சக்தி சிதறும்!”

மாட்டுங்கா என்று சீட்டு ஒட்டிய மூட்டையை அவளே அவிழ்த்தாள். உள்ளே பாத்ரூம் தரையில் பதிக்கும் டைல்ஸ் துண்டு ஒன்று. நீல நிறம், ஓரத்தில் சிமெண்ட். அடுத்ததை சார் அவிழ்த்தார். அதிலும் நீலம். பதினைந்து மூட்டையையும் அவிழ்த்து அடுக்கினால் ஒரு குளியலறைச் சுவர் எழும்பியிருக்கும்.

“அது ஸ்தூலம்... டிஸ்க் சூட்சும சரீரமாகி...” என்று சுவாமி ஆரம்பித்தார். அதற்குள் சாதனா மேடைக்குப் பின்னாலிருந்த ரெக்ஸின் பையைத் தூக்கிவந்து கவிழ்த்தாள். சூட்சும சரீரங்கள் கடகடவென்று விழுந்தன. குங்குமத்தோடு.

சுவாமியின் செந்தமிழ் அந்த நிமிடமே அவரைக் கைவிட்டது. “ஏ, பைய விடுளா! சோடோ நா! யாவாரம்ல அது! பெட்டியக் கெடுக்கது நீங்க, பழி எனக்கா?” என்று கத்தினார் வானமாமலை. மூன்று மணி நேரத்தில் அவர் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

செம்பூர் போலீஸ் வரும்வரை அவரை ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஏகாந்தம்.

மறுநாள் பரீஹா வந்து டிஸ்கைப் பொருத்திக் கொடுத்தாள். ‘குறைகள்’ அப்படியே இருந்தது. பிரேமலதா ஒன்றுக்கு மேல் படிப்பதில்லை என்ற விரதத்தை அன்று முறித்து, கடைசிக் கடிதத்தைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது. எந்த ஆபீசுக்கும் இல்லை.

‘வீட்டு நிர்வாகத்துக்கு. அம்மணி, துடைக்கும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் துடைக்க வேண்டும் என்று இத்துடன் பதினோரு முறை தெரிவித்துள்ளேன். நடவடிக்கை இல்லை.’

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை நாள் அவர் என்ன சொல்கிறார் என்று எங்கெங்கோ கேட்டாளே! சொல்லித்தான் வைத்திருந்தார். தெளிவான தமிழில், தேதி போட்டு.

வேண்டுமென்றே ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்து அமுக்கினாள். பரீஹா எழுதிக் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக, போலீசுக்கு இருநூற்றுப் பதின்மூன்றாவது புகாரை அடிக்க ஆரம்பித்தாள்.

வானமாமலை ஜாமீனில் வருவார். வேறு ஊரில், வேறு பெயரில், வேறு மாலையோடு வருவார். பென்டிரைவ் போய் வேறு ஏதாவது தொங்கும். அவரை அடையாளம் காண ஒரு வழிதான். உங்கள் வீட்டில் ஏதாவது திடீரென்று கோளாறாகிப் போனால், எலுமிச்சம்பழம் வாங்க ஓடுவதற்கு முன் உங்கள் விரல் எங்கே இருந்தது என்று குனிந்து பாருங்கள். மேஜைமேல் இருக்கும் பெட்டிக்கு மூளை கிடையாது. அதன் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு உண்டு. அதுவும் சில சமயம் சிக்கிக்கொள்ளும்தான். அப்போது அதை அணைத்துப் போட்டுக்கொள்ள எந்த சுவாமியும் வந்து கதவைச் சாத்த வேண்டியதில்லை.